நூல்பிடியின் பதினொரு நிமிடம்

அவசர உதவி அழைப்பு மையத்தில் கருவிகளைப் பராமரிக்கும் அவருக்கு நூல்பிடி என்று பெயர். கருவி அறையில் எந்தக் கேபிளைத் தொட்டாலும், ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரலால் வருடிப் பார்த்தாலன்றி அவர் நம்பமாட்டார். வீட்டிலும் அப்படியே. இஸ்திரிப் பெட்டியின் வயரைத் தடவிக்கொண்டு நிற்பவரைக் கண்டு, "அம்மா, அதுக்கு நாடி பார்த்து முடிச்சாச்சுன்னா என் சட்டையைத் தேய்க்கலாமா?" என்பாள் மகள்.

அப்பழக்கத்தின் வேர் அச்சம். மூன்றாண்டுகளுக்கு முன்பு, அழைப்புகள் அனைத்தையும் சுமக்கும் ஸ்விட்ச் என்ற கருவியில் அலாரம் ஒலித்தது. அதற்கு மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளைகள் இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றொன்று தாங்கும். அலாரம் சொன்ன எண்ணுக்குரியது இடப்பக்கம் என்று கையேட்டுப் படம் காட்டிற்று. படம் முன்னாலிருந்து வரையப்பட்டது. பவர் சப்ளைகளோ பின்புறம். பின்னே போய் நின்றவருக்கு இடம் வலமாயிற்று. நல்லதை உருவிவிட்டார். விசிறிகளின் இரைச்சல் ஒரே மூச்சில் அடங்கியது. ஸ்விட்ச் மீண்டும் உயிர்பெறப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பதினொரு நிமிடத்தில் எந்த வீட்டிலிருந்து எவர் எண்களை அழுத்திவிட்டுக் காத்திருந்தார் என்று எவரும் சொல்லவுமில்லை. கேட்கும் துணிவு அவருக்கும் வந்ததில்லை.

சென்ற செவ்வாய் முற்பகலில் அதே ஸ்விட்சில் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டாம் பவர் சப்ளை வேலை செய்யவில்லை என்றது திரை. நூல்பிடி மேற்பார்வையாளரைப் போனில் அழைத்தார்.

"புது யூனிட் அலமாரியில இருக்குல்ல? பழசை உருவிட்டு மாட்டிடுங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

"சார், முதல்ல கேபிளைப் பார்த்துடறேனே."

"ஆரம்பிச்சாச்சா! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒன்றரை முழ கேபிளுக்கு ஜாதகமே எழுதுவீங்க."

"பேயா இல்லையான்னு தொட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

ஸ்விட்ச் வைத்த ரேக்கின் பின்கதவைப் பாதி திறந்து, உடம்பைப் பக்கவாட்டில் நுழைத்தார். இடமும் வலமும் இனி அவருக்குச் சான்றாகா. இரு யூனிட்டுகளின் வாயிலும் புறங்கையை வைத்தார். ஒன்றில் வெதுவெதுப்பான காற்று. மற்றொன்றில் மூச்சே இல்லை. மூச்சற்றதன் கேபிளைப் பற்றிக் கீழே இறங்கினார். தரையோரத்து மின்பலகையில் பிரேக்கர் சுமை தாங்காமல் அணைந்து கிடந்தது. துப்புரவு செய்தவர்கள் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை அதிலேயே செருகியிருந்தார்கள். யூனிட்டின்மேல் குற்றமில்லை.

அத்தோடு எழுந்திருக்கலாம். விரல் விடவில்லை, உயிரோடிருந்த யூனிட்டின் கேபிளையும் பற்றிக்கொண்டு வேறொரு பலகைவரை சென்றது. அங்கே அவர் உறைந்துபோனார். அதன் ப்ளக் பாதி வெளியே தொங்கியது. புதிதாகக் கேபிள் இழுத்தவர்கள் இந்தக் கேபிளையும் கொத்தோடு சேர்த்துக் கதவில் கட்டிவிட்டிருந்தார்கள். அவர் கதவைத் திறந்த அளவுக்கு ப்ளக் கழன்றிருந்தது. யூனிட்டை உருவுவதென்றால் கதவை முழுவதும் திறந்தாக வேண்டும். இன்னும் ஒரு சாண் திறந்திருந்தால் அழைப்புகள் அத்தனையும் ஊமையாகியிருக்கும்.

கதவு அசையாதபடி தோளால் தாங்கினார். வியர்வையில் விரல் வழுக்கியது. இறைவனை அழைக்க நா எழவில்லை. நெஞ்சு மட்டும் அழைத்தது. ப்ளக்கை உள்ளே அழுத்தினார். டிக்கென்று ஒரு பொறி. விசிறிகள் ஓய்ந்துவிட்டனவா என்று செவி தேடியது. ஓயவில்லை. கதவோடு கேபிளைப் பிணைத்த கட்டை அறுத்தார், தூசி இயந்திரத்தைப் பிடுங்கிப் பிரேக்கரை உயர்த்தினார். இரண்டாம் விளக்கும் பச்சையாயிற்று.

அடுத்த அறையின் வாசலில் போய் நின்றார். அழைப்பேற்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. லைன் எல்லாம் வருதா?"

"வருதாவா? காலையிலேர்ந்து தண்ணி குடிக்க விடலை!"

மூன்றாண்டாகப் புதைத்துவைத்த கேள்வி தொண்டைவரை ஏறிற்று. "அன்னிக்கு, அந்தப் பதினொரு நிமிஷம்..." என்று தொடங்கினார். அதற்குள் மணி அடித்தது. அவள் கையமர்த்திவிட்டு அழைப்புக்குத் திரும்பினாள்.

"சொல்லுங்க. கேக்குது, சொல்லுங்க."

அந்த அழைப்பு முடியும்வரை நூல்பிடி கதவு நிலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.