காயத்தின் அகலம்

காயம் பட்டவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. காயத்தின் அகலம் மட்டும் சென்டிமீட்டர் கணக்கில் முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்படி ஒரு தொழில் எங்களுடையது.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். விசைத்தறியில் நெய்த துணியை வெளுத்து, வெட்டி, சுருட்டி, தாள் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கித் தூத்துக்குடிக்கு லாரி ஏற்றுவதோடு என் பொறுப்பு முடிந்தது. கப்பல் ஏறிய பிறகு அந்தத் துணிக்கு என்ன ஆகிறது என்று யோசிப்பது என் வேலையில் சேராது. ஆனாலும் யோசித்திருக்கிறேன், பெரும்பாலும் தப்பாக. பார்க்காத ஊர்களுக்கு முகவரி எழுதிப் பிழைக்கிற சக குமாஸ்தாக்கள் இதைப் படித்தால் கொஞ்சம் தலைகுனிவார்கள். நான் மட்டும் குனிந்திருந்தால் கழுத்து வலிக்கிறது.

மலர்ந்த முகம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் ராஜபாளையம் வருவதற்குள் பேப்பரை முடித்துவிடுவேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் தங்கம் விலையைப் பார்ப்பார்கள். நான் நேராக உலகச் செய்திக்குப் போவேன். எங்கே சண்டை மூண்டிருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது, எந்தத் துறைமுகம் மூடியிருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். என் மேஜைக்குப் பின்னால் ஒரு உலகப்படம் மாட்டி, ஆர்டர் வரும் நாடுகளில் சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தேன். கம்பெனிக்கு வருகிற விருந்தாளிகள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அது எனக்குப் பிடிக்கும்.

எங்கள் வாட்ச்மேன் ராமையா சேத்தூர்க்காரர். ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்து வந்தவர். ஒருநாள் காலை கேட்டில் நுழையும்போது நான் அவரைச் சௌக்கியமா என்று விசாரித்தேன். தோளில் கூடக் கை போட்டேன் என்று நினைக்கிறேன். அவர் என் கக்கத்திலிருந்த பேப்பரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க்கொண்டிருந்த பேக்கிங் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏட்டி, சார் சிரிச்சுக்கிட்டே வாராரு. எங்கனயோ குண்டு விழுந்துட்டுது. ஓவர்டைம் உண்டு, வீட்டுக்குச் சொல்லிருங்க.”

இருபது வருஷ அனுபவம்

வெளிநாட்டு நிவாரண அமைப்பு ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. வழக்கமாக அவர்கள் கேட்பது பத்து சென்டிமீட்டர் அகலம். எங்கள் பேச்சில் நாலு இஞ்ச். இந்தத் தடவை பாதிக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது, யாரோ புதுசாக வேலைக்குச் சேர்ந்த ஆள் எண்ணை மாற்றி அடித்திருக்கிறான். இருபது வருஷ அனுபவம் என்றால் சும்மாவா.

மேனேஜரிடம் காட்டினேன். “நல்லவேளை, நீர் பாத்தீர்” என்றார். அந்த உற்சாகத்தில் ஒரு நீண்ட மெயில் எழுதினேன். பெரிய காயங்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் போதாது என்பதை விளக்கி, சரியான அளவைத் தெரிவிக்குமாறு கேட்டு, இனிமேல் அளவு குறிக்கும்போது கவனமாக இருப்பது இரு தரப்புக்கும் நல்லது என்று முடித்திருந்தேன். அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை படித்து ரசித்தேன். மறுநாள் ஒரு பெண்மணியிடமிருந்து பதில் வந்திருந்தது: “அளவு சரிதான். இப்போது எங்களிடம் வருகிறவர்களின் கைகால்கள் சிறியவை.”

யுத்த நிபுணர்

மாரீஸ்வரி பேக்கிங்கில் இருக்கிறாள். சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஏறும் பஸ்ஸிலேயே ஏறுவாள். அவள் புருஷன் பாண்டி வெளிநாட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிரைவர். போய் இரண்டு வருஷம். அந்த நாட்டின் பெயரை நான் எழுதவில்லை. நீங்கள் இதைப் படிப்பதற்குள் வேறு நாட்டின் பெயரை எழுதியிருக்கலாமே என்று தோன்றிவிடும். அங்கே திடீரென்று சண்டை தொடங்கியது. மறுநாள் அவனிடமிருந்து போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மாரீஸ்வரி என் மேஜைக்கு வந்தாள். “சார், நீங்க தெனமும் படிக்கியளே. இது பெரிய சண்டையா, சின்னச் சண்டையா?”

இப்படி ஒரு கேள்விக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. எழுந்து படத்தின் பக்கம் போனேன். யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த ஆறு யார் கையில், எந்தப் பாலம் விழுந்தால் என்ன ஆகும், யார் யாருக்கு ஆயுதம் கொடுக்கிறார்கள் என்று கால் மணி நேரம் பேசினேன். மற்றப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பதினைந்து நாளில் முடிந்துவிடும் என்று தேதி வரைக்கும் சொன்னேன். மாரீஸ்வரி கடைசிவரை கேட்டுவிட்டு, “அவிய இருக்குற ஊரு இதுல எங்க சார் இருக்கு?” என்றாள். அவன் இருக்கிற ஊர் எதுவென்று நான் கேட்டிருக்கவே இல்லை. கேட்டேன். சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். அந்த ஊர் என் படத்தில் கிடையாது. என் முகம் எப்படிப் போயிற்றோ, அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்: “பரவால்ல சார், பெரிய மேப்புல இருக்கும்.”

பொட்டு

அந்த வாரமே அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவசர ஆர்டர் வந்தது. பேக்கிங் பெண்களுக்கு அது பாண்டிக்குப் போகிற பார்சல் மாதிரி ஆகிவிட்டது. “எனக்கு அந்த லாட்டக் குடுங்க சார்” என்று மாரீஸ்வரி கேட்டு வாங்கிக்கொண்டாள். அறுநூறு பெட்டி. ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் அடுக்கி முடித்தார்கள். டேப் ஒட்டுவது மட்டும் பாக்கி.

எங்கள் கம்பெனியில் பூஜையன்று தறி, கத்தரி, தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். கப்பலுக்குத் தயாராக இருக்கும் சரக்குக்கும் உண்டு. பெட்டியின் வெளிப்பக்கம் ஒரு பொட்டு, அவ்வளவுதான். அந்த வருஷம் சீனியர் என்பதால் பொட்டு வைக்கும் மரியாதையை எனக்குக் கொடுத்தார்கள். மூடி திறந்திருக்கிற பெட்டிக்கு வெளியில் பொட்டு வைப்பது எனக்கு அரைகுறையாகப் பட்டது. உள்ளே மேலாக இருந்த ரோலுக்கே வைத்தேன். குங்குமத்தை நன்றாகக் குழைத்திருந்தார்கள். எல்லாப் பெட்டிக்கும் வைத்தேனா, கை வலித்து நடுவில் நிறுத்தினேனா, எந்த வரிசையிலிருந்து ஆரம்பித்தேன், ஒன்றும் ஞாபகமில்லை. மறுநாள் டேப் ஒட்டினார்கள்.

வாங்குகிறவர்கள் தரப்பில் சரக்கைச் சோதிக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். முதல் பெட்டியைத் திறந்தார். தாளைத் தாண்டிக் குங்குமம் துணிக்குள் நாலு சுற்று இறங்கியிருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. நான் பூஜை, சம்பிரதாயம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் ரோலை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ரத்தம் துடைக்கப் போற துணி சார். போகும்போதே ரத்தத்தோட போனா எப்படி?”

அறுநூறு பெட்டி

அறுநூறையும் பிரித்து, ஒவ்வொரு ரோலாகப் பார்த்து, கறைபட்டதைக் கழித்துத் திரும்ப அடுக்க வேண்டும். அதற்குள் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் எட்டு நாள் கழித்து. பாண்டியிடமிருந்து அப்போதும் போன் இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். நானும் தரையில் உட்கார்ந்து பெட்டி பிரித்தேன். மாரீஸ்வரி மூன்று பெட்டி முடிக்கிற நேரத்தில் நான் ஒன்று முடித்தேன், அதையும் அவள் திரும்ப ஒரு தடவை பார்த்தாள்.

மத்தியானத்துக்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “தப்பு பண்ணிட்டேம்மா” என்றேன். பொட்டு வைக்கும்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது: கஸ்டம்ஸில் பேப்பர் சிக்காமல் போக வேண்டும். அவள் கையிலிருந்த ரோலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அங்க அடிபட்டுக் கெடக்குறவுகள நெனச்சுத்தான வச்சிய? அப்ப வீணாப் போவாது சார்.”

போன்

வேலை நேரத்தில் பெண்கள் தங்கள் போனை கேட்டில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விதியை எழுதி ஒட்டியவன் நான்தான். பதினொன்றாம் நாள் காலை பத்தரைக்கு ராமையா கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு பேக்கிங் ஹாலுக்குள் ஓடிவந்தார். அவர் கையில் மாரீஸ்வரியின் போன் இருந்தது. பத்து நாளாக அதை டப்பாவில் போடாமல் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பாண்டிதான். லாரிகள் நிற்கிற இடத்தில் குண்டு விழுந்ததாம். உயிருக்கு ஒன்றும் இல்லை, இடது கைதான். மாரீஸ்வரி முதலில், “சாப்டியளா?” என்று கேட்டாள். பிறகு, “கையில என்ன கட்டிருக்கு?” என்று கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். “பெட்சீட்டக் கிழிச்சுக் கட்டிருக்காகளாம். பேண்டேஜ் இல்லையாம்.” சுற்றி ஆறு மேஜையிலும் மலைமலையாகப் பேண்டேஜ் குவிந்து கிடந்தது.

என்ன நினைத்தாளோ, போனை என்னிடம் நீட்டினாள். பேசத் தெரிந்தவன் என்று நினைத்திருப்பாள். நான் பேசினேன். துணியை வெந்நீரில் போட்டு எடுத்தார்களா என்று கேட்டேன். அந்த நாட்டுக்குச் சரக்கு தயாராகிக்கொண்டிருக்கிறது என்றேன். இந்தக் கப்பல் தவறிவிட்டது, அடுத்ததில் ஏறிவிடும், வழியில் ஒரு துறைமுகத்தில் மாற்ற வேண்டியிருக்கும் என்றெல்லாம் விவரமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் “சரிங்க சார், சரிங்க சார்” என்று மெல்லிய குரல் கேட்டது. ராமையா என் முழங்கையைத் தொட்டார். “அங்கிட்டு சார்ஜ் எம்புட்டு இருக்கோ. போன அந்தப் பிள்ளைட்டக் குடுங்க சார்.”

சுந்தரபாண்டியம்

குங்குமம் வைக்காமலே இருந்திருந்தாலும் அந்தக் கப்பல் பாண்டிக்கு அடிபட்ட நாளுக்குள் போய்ச் சேர்ந்திருக்காது. காலண்டரை வைத்து மூன்று தடவை கணக்குப் போட்டுவிட்டேன். மூன்று தடவையும் விடை எனக்குச் சாதகமாகவே வந்தது. அந்த எட்டு நாளில் அந்த ஆஸ்பத்திரிக்கு வேறு யார் யார் வந்தார்கள் என்பதற்கு மட்டும் காலண்டரில் வழி இல்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பாண்டி ஊர் வந்து சேர்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன். கூடவே, வேறு என்ன கொண்டுபோவது என்று தெரியாமல், எங்கள் கம்பெனி பேண்டேஜ் பாக்கெட் இரண்டு. மாரீஸ்வரி அதை வாங்கி, சிரிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பாண்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பெட்சீட்டுக் கட்டுக்குள் புண் சீழ் பிடித்து, மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிற விரல்கள் மடங்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டாராம். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது என் கண் அவன் கைக்கட்டிலேயே நின்றது. இழை தளர்ச்சி, ஓரம் பிரிகிறது, நம் சரக்கு இல்லை என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என்னை நானே இரண்டு தட்டுத் தட்டலாம் போல இருந்தது.

பொட்டு வைத்த கதையை நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “சொல்லிட்டா சார், சிரிச்சேன்” என்றான். அப்புறம் அவனுக்கு என்னிடம் கேட்க ஒரு விஷயம் இருந்தது. உண்மையான அக்கறையோடு, கொஞ்சம் பயத்தோடுகூடக் கேட்டான்: “கம்பெனி நல்லா ஓடுதா சார்? ஆர்டரெல்லாம் வருதா? ஓடணும் சார். இனிமே எங்களுக்கு அவ ஓவர்டைம்தான்.”

உலகத்தில் எல்லாச் சண்டையும் நின்றுவிட வேண்டும் என்று எல்லோரையும் போல நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்; சொல்லும்போது மாரீஸ்வரி பக்கத்தில் இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.