தனி வாசல் உண்டு

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டின் பின்னால் ஓர் அவுட்ஹவுஸ் இருக்கிறது. ‘தனி வாசல் உண்டு’ என்று பலகை மாட்டித்தான் முன்பெல்லாம் கல்லூரி மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். சேலத்துப் பையன் ஜெயராஜும் அப்படி வந்தவன்தான். அவன் ஊரில் அப்போது மதுவிலக்கு. மாகாண எல்லை தாண்டிய இங்கேயோ தெருமுனையிலேயே பிராந்திக்கடை. எந்தக் கோலத்தில் வீடு திரும்புகிறான் என்று பார்க்க யாருமில்லை.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வந்தபோது அவன் கதவு திறந்திருந்தது. உள்ளே வாந்தியில் முகம் புதைய, நினைவில்லாமல் கிடந்தான். என் கணவர் ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தது பெரும்பாடு.

“காலி பண்ணச் சொல்லுங்கம்மா, வயசுப் பொண்ணு இருக்கற வீடு” என்றார் பக்கத்து வீட்டம்மாள்.

“இங்கேருந்து தொரத்தினா இன்னொரு தனி வாசலைத்தானே தேடுவான்?” என்றேன்.

அவன் பெட்டியை எங்கள் முன்னறைக்கு மாற்றினேன். இனி எங்கள் கூடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும், சாப்பாடும் எங்களோடுதான். முறைத்தான். முறைக்கட்டுமே!

ஒருநாள் மறுபடி தள்ளாடி வந்தான். கதவைத் திறந்த என் மகள், “அம்மா, அண்ணன் குடிச்சிட்டு வந்திருக்காரு!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அதோடு சரி, அப்புறம் அவன் குடித்துவிட்டு வரவில்லை.

இப்போதும் மாணவர்கள் வந்து, “தனி வாசல் இருக்காம்மா?” என்று கேட்கிறார்கள்.

“இருக்கு. அதுல கோழிங்க குடியிருக்கு. நீ முன்வாசல் வழியா வா” என்கிறேன்.