மூன்றாவது மூச்சு

பேண்டு மாஸ்டர் தேவசகாயத்தின் டிரம்பெட் இல்லாமல் ஒரு காலத்தில் செவிலிமேட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் நகர்ந்ததில்லை. பட்டுக் கடை முதலாளி வீட்டுக் கல்யாணமானாலும் சரி, பாலாற்றங்கரைக்குப் போகிற சாவானாலும் சரி, சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக முன்னால் நடப்பார். அப்பா அடுத்தவர் நிலத்தில் சேற்றில் நின்றே காலத்தை ஓட்டியவர். மகனுக்கு ஒரு பாதிரியார் கொடுத்த நசுங்கிய டிரம்பெட்தான் சேற்றிலிருந்து ஏறி வர ஏணியானது. அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தன்னைவிட நன்றாக ஊதுகிறவன் வேலூர் வரைக்கும் கிடையாது என்று யாராவது கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த ஒரே மகன் ஜெபகுமாருக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. ஓடத் தெரியும். ஓடியே பட்டாளத்தில் சேர்ந்தான். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் கார்கிலில் செத்துப்போனான். இருபத்திரண்டு வயது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது ஒரு சிப்பாய் பியூகிள் ஊதினான். அதற்கு லாஸ்ட் போஸ்ட் என்று பெயர். செத்த வீரனுக்காக ஊதுவது. அம்மாக்காரி மேரி மண்ணில் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். தேவசகாயம் அழவில்லை. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எத்தனை மூச்சு என்று அவருடைய காது தன்பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளையைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் மெட்டைப் பாடம் பண்ணிய பாவி என்று தன்னைத் தானே அவர் திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

அடுத்த வருஷம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தார் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு கருங்கல் நட்டார்கள். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் போன இருவர் பெயருக்குக் கீழே ஜெபகுமார் பெயர். கார்கில் வெற்றி நாளான ஜூலை இருபத்தாறாம் தேதி காலையில் மலர்வளையம் வைத்ததும் தேவசகாயம் லாஸ்ட் போஸ்ட் ஊதினார். அதற்கு டிரம்பெட்டின் மூன்று பட்டனில் ஒன்றைக்கூட அமுக்க வேண்டியதில்லை. எல்லாம் உதட்டில்தான் இருக்கிறது. முதல் இரண்டு மூச்சும் சுத்தமாக வந்தன. மூன்றாவது மூச்சில், மேலே ஏறுகிற இடத்தில், ஊதல் உடைந்தது. கல்லறைத் தோட்டத்தில் அந்த இடம் வந்தபோதுதான் பெட்டியின் கயிற்றைத் தளர்த்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் உடைந்தது. வேலூர் வரைக்கும் ஆளில்லாத ஊதுகாரருக்கு அந்த ஒரு இடம் மட்டும் கைகொடுக்கவே இல்லை. மேரி ஒரு தடவைகூடக் கல்லருகே போனதில்லை. பிள்ளை பெயரைக் கல்லில் பார்க்கத் தெம்பில்லை என்று சொல்லிவிட்டாள். பின்தெருவில் வீட்டுக் கதவைப் பிடித்தபடி நின்று, மைக் வழியாக வருவதைக் கேட்பாள். முடிந்ததும் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்பாள். அன்று முழுக்க இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

இந்த வருஷம் பொங்கலுக்குள் சர்க்கரை வியாதி மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் கொண்டுபோய்விட்டது. உதட்டுக்குப் பின்னால் பல் இல்லாதவன் டிரம்பெட் ஊதுவது சுவரில்லாத வீட்டுக்குக் கதவு மாட்டுகிற மாதிரி. பல்செட்டு கட்டிக்கொண்டார். பாலாற்று மணலில் ஆளில்லாத இடமாகப் பார்த்து இரண்டு மாதம் முயன்றார். செட்டு கழன்று கழன்று வந்தது. ஒருநாள் மணலில் விழுந்தே விட்டது. எடுத்துக் கழுவ அந்த ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதார். வீட்டுக்கு வந்து, பல்செட்டோடு பழையபடி வருகிறது என்று மேரியிடம் புளுகினார். அவளும் நம்பினாள்.

விழாவுக்கு முதல்நாள் சங்கச் செயலாளர் சிட்டிபாபுவிடம் போய், வேறு ஆளைப் பாருங்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். சிட்டிபாபு ஓய்வுபெற்ற ஹவில்தார். நல்ல மனிதர். கெட்டவன் செய்தால் திட்டித் தீர்க்கலாம். நல்ல மனிதர் நல்லது என்று நினைத்துச் செய்வதை என்ன செய்வது?

"மாஸ்டர், போன்ல போட்டு ஸ்பீக்கர்ல குடுத்துடறேன். நீங்க சும்மா வாயில வச்சிக்கினு நில்லுங்க. உங்க புள்ள பேரு இருக்கற கல்லு. நீங்க நிக்காம எப்படிபா?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு ஒன்றும் கேட்காமல் போனால்? தேவசகாயம் தலையாட்டினார்.

மறுநாள் காலை, சிவப்புக் கோட்டோடு கல்லுக்கு முன்னால் நின்று டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். ஸ்பீக்கர் ஊதியது. பட்டனை அமுக்கத் தேவையில்லாத மெட்டு என்பதால் நடிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. மூன்றாவது மூச்சு வந்தது. வழவழவென்று ஏறி வழவழவென்று இறங்கியது. யாரோ முகம் தெரியாத ஒருவன், எந்தப் பிள்ளையையும் இழக்காதவன், எங்கோ உட்கார்ந்து ஊதிய ஊதல். தேவசகாயத்துக்கு அங்கேயே உயிர் போனால் தேவலை என்று இருந்தது.

சிறப்பு விருந்தினர், இந்த வயதிலும் என்ன தம் என்று வியந்து பொன்னாடை போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். சிட்டிபாபு தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினார்.

வீட்டில் மேரி இன்னும் கதவருகிலேயே நின்றாள். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"ஜெபா அப்பா," என்றாள். "வருசா வருசம் அந்த எடத்துல ஒடையும். நீ அவன நெனச்சிக்கினு இருக்கறன்னு நான் தெரிஞ்சிக்குவேன். இந்த வருசம் ஒடையவே இல்லியே. மறந்துட்டியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். கடையில் உப்பு வாங்க மறந்ததைக் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள். இத்தனை வருஷமாக உடைந்ததைக் குறையென்று நினைத்து அவர் வெட்கப்பட்டது இருக்கட்டும். அவளோ அதற்காகவே கதவருகில் நின்றிருக்கிறாள்.

"நான் ஊதல மேரி. போன்ல போட்டாங்க. என்னால முடியல."

மேரி கதவை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நம்ம புள்ளைக்கு இந்த வருசம் யாருமே ஊதலியா?"

தேவசகாயம் பொன்னாடையை எடுத்துக் கீழே போட்டார். பல்செட்டைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தார். வாசலில் நின்றபடியே டிரம்பெட்டை உதட்டில் வைத்து ஊதினார். மேரி கதவைப் பிடித்துக்கொண்டாள். காற்றுதான் வந்தது. ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் அவருக்குள்ளே சரியாக இருந்தன. வெளியே எல்லாம் ஒரே காற்று. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்தாமல் ஊதினார். மூன்றாவது மூச்சு எப்போது வந்து எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவே இல்லை.