வயர்லெஸ்ஸை அணைக்காத சேவியர்

படம் வெளியான அன்று காலைக் காட்சிக்கு நாகர்கோவிலில் ஒரு தியேட்டருக்குப் போனேன். இரண்டு வரிசை முன்னால் செலின் அக்கா தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். இடைவேளைக்கு முன் என்ன காட்சி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மூன்று முறை எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன்.

1. பதிவு

சினிமாவில் என் வேலை கதை ஆய்வு. உண்மைச் சம்பவம் படமாகும்போது சம்பந்தப்பட்டவர்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து ஸ்கிரிப்ட் டீமுக்குக் கொடுப்பேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கத்துப் பூதப்பாண்டி என்பதால் இந்தப் படத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

புயலில், அதே மாவட்டத்துக் கடற்கரை ஊரான இனயத்தின் மீன்பிடிப் போட் ஒன்று கவிழ்ந்தது. அதை ஓட்டிய சேவியரும் இன்னும் இரண்டு பேரும் இறந்தார்கள். பிழைத்தவர் ததேயு மட்டும். அவர் சொன்னார்:

"வயர்லெஸ்ல புயல் சேதி வந்த ஒடனே சேவியரு கரைக்குப் போட்டைத் திருப்பிட்டாரு. வழியில ஒரு வள்ளம் கவுந்து கெடந்துது. ஆளுவ கத்துனாவ. 'விட்டுட்டுப் போவ முடியுமாலே?'ன்னு கேட்டாரு. நாங்களும் செரின்னோம். அவியள எடுக்கப் போனப்பதான் நாங்களும் கவுந்தோம்."

சேவியரின் மனைவி செலின் அக்காவிடம், கதையைப் படமாக்க ஆட்சேபமில்லை என்று என்.ஓ.சி. வாங்கினேன். கையெழுத்துப் போடும் முன் ஒன்றுதான் கேட்டார்: "அவரு உள்ளபடியே வருவாரு இல்லியா, சார்?"

"வருவார் அக்கா" என்றேன்.

2. இண்டர்வெல் பிளாக்

சென்னையில் நடந்த ஸ்கிரிப்ட் டிஸ்கஷனில் கதை மாறியது. படத்தில், மீன் ஆசையில் புயல் செய்தியை மறைத்து, போட் ஓட்டும் டிரைவரே வயர்லெஸ்ஸை அணைக்கிறார்.

"அவர் அப்படிச் செய்யல சார்" என்றேன்.

டைரக்டர் சிரித்தார். "கடலையே வில்லனா வச்சா ஆடியன்ஸ் யாரைத் திட்டுவான்? அதான் பேரை மாத்திட்டோமே!"

பெயர் மட்டும்தான் மாறியது. ஊர், போட்டின் நிறம், சேவியரின் நெற்றித் தழும்பு எல்லாம் நான் கொடுத்தபடியே இருந்தன. ஷூட்டிங் முடியும்வரை செலின் அக்காவின் எண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒருநாளும் அழைக்கவில்லை.

3. தியேட்டர் வாசல்

திரையில் வயர்லெஸ் அணைந்தது. பின்னாலிருந்து ஒருவர், "பாவி, எல்லாரையும் கொல்லப் போறானே!" என்றார். செலின் அக்கா எழுந்து வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"இது ஒங்களுக்கு முன்னமே தெரியுமா, சார்?"

"தெரியும் அக்கா."

"அப்பம் ஒரு போன் செய்யப்பிடாதா?"

பின்னாலேயே வந்துவிட்ட மகளைக் காட்டினார்.

"எங்க ஊருக்கு உண்மை தெரியும். இவளுக்கு கருங்கல் டவுண் ஆஸ்பத்திரியிலல்லா வேலை. அங்க உள்ளவியளுக்கு யாரு சொல்லுவா?"

அந்த வாரமே ததேயு சொன்னதை அப்படியே எழுதி, என் பெயர் போட்டு ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வாசகர் கடிதப் பகுதியில் வந்தது. டைரக்டர் அதன்பின் என்னைக் கூப்பிடவில்லை. செலின் அக்கா கூப்பிட்டார். "வாசிச்சேன் சார். ரொம்ப சின்ன எழுத்தா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாம் கொடுக்கும் தகவல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பொய்யான ஒரு காட்சியைச் சுற்றி அதை வைத்தால், அந்தப் பொய்யைத்தான் ஊர் நம்பும். இப்போதெல்லாம் காட்சியை முழுதாக வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. காட்சி மாறினால், அன்றைக்கே போன் செய்துவிடுகிறேன்.