சறுக்குக்குப் போர்த்திய சாக்கு

எழுபதுகளில் சின்னமனூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பால்வாடி டீச்சராக இருந்தேன். பால்வாடி வாசலில் பஞ்சாயத்து போட்டுக் கொடுத்த இரும்புச் சறுக்கு நின்றது. அதை ஒட்டி முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் திராட்சைப் பந்தல். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவானை நான் வையாத நாளில்லை.

பந்தலுக்கு மருந்தடித்தால் பாதி கொடிக்கு, பாதி எங்கள் சறுக்குக்கு. மலையிலிருந்து இறங்கும் காற்று யார் பேச்சையும் கேட்காது. தகரத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதில்தான் மூன்று வயதும் நான்கு வயதுமான பிள்ளைகள், பலருக்கு இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும், சறுக்கி விளையாடுவார்கள். வீட்டுக்குப் போய்த் தொடையைச் சொறிந்து அழுவார்கள். தினமும் ஈரத்துணியால் துடைத்தேன். எனக்கும் கையெல்லாம் அரிப்பு வந்ததுதான் மிச்சம்.

தோட்டக்காரரிடம் போய் நின்றேன். நல்ல மனிதர். அவருடைய பேத்தியும் எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தாள்.

"மருந்தடிக்கலைன்னா கொடி போயிரும் டீச்சர். காத்தை நான் கட்டியா வைக்க முடியும்?" என்றார். பிறகு மனசு கேட்காமல் மோட்டார் ரூமுக்குள் போய் ஏழெட்டுச் சாக்குகளோடு வந்தார். "இதைத் தச்சுப் போத்தி விடுங்க. வாய்க்கால்ல நல்லா அலசுன சாக்குதேன்."

வாய்க்காலில் அலசிவிட்டால் எந்தச் சாக்கும் நல்ல சாக்கு என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்பினோம். அதில் நெல் கட்டினோம், வாசலுக்குப் படுதாவாகத் தொங்கவிட்டோம். எது வந்த சாக்கு என்று யாரும் கேட்டதில்லை. படித்த நானும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே கோணி ஊசியால் தைத்துச் சறுக்கை மூடினேன். கொஞ்சம் நெடி அடித்தது. தோட்டத்து வாடை என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

பிள்ளைகளுக்கு அது கூடாரமாகிவிட்டது. உள்ளே நுழைந்து ஒளிந்துகொண்டார்கள். நான் சிரித்துக்கொண்டு பார்த்தேன். நாலாம் நாள் தோட்டக்காரரின் பேத்தி வாந்தி எடுத்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் விசாரித்துவிட்டுச் சாக்கைக் கொண்டுவரச் சொன்னார். மோந்து பார்த்தவர், "இது பூச்சி மருந்துத் தூள் வந்த சாக்கும்மா. எத்தனை தடவை அலசினாலும் போகாது" என்றார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். "நாந்தேன குடுத்தேன், உங்க மேல என்ன தப்பு?" என்றார் தோட்டக்காரர். தைத்தவள் நான். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். மருந்தடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"டாக்டரு சொன்னதைக் கேட்டாச்சு. சறுக்கு இருக்கப் போய்த்தான இத்தனை வம்பும்?" என்றார். மறுநாள் நாலு பேர் வந்து அதைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நிழலே இல்லாத வெறும் மண்ணில் பிள்ளைகள் எத்தனை நாள் உட்காருவார்கள்? ஒரு வாரத்தில் வேலியில் ஓட்டை போட்டுவிட்டார்கள். மருந்தடித்து முடித்த ஒரு காலையில் எல்லோரும் பந்தலுக்கு அடியில் இருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன்.

"அங்கன வெயிலு டீச்சர்" என்றாள் அந்தப் பேத்தி. இலையிலிருந்து சொட்டியதை உள்ளங்கையில் ஏந்தி, பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் தெளித்துச் சிரித்தாள்.