வெளியே கேட்கக் கூடாத செபம்

எண்பத்து மூன்றாம் ஆண்டு, தமிழருக்கு எதிரான கலவரத்தில் மாத்தளை டவுன் எரிந்துகொண்டிருந்தது. கடைக்குப் போன அப்பா வரவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் குசுமாக்கா, அம்மாவையும் என்னையும் தன் வீட்டு உள்ளறையில் ஒளித்து வைத்தார்.

பயம் வந்தால் அம்மாவுக்குச் செபமாலையை வாய்விட்டுத்தான் சொல்ல வரும். வாசலில் ஆட்கள் கத்தும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தார், தமிழில். நான் பாய்ந்து வாயைப் பொத்தினேன். கையைத் தட்டிவிட்டார்.

"விடு புள்ள! சொன்னாத்தானே ஆண்டவருக்குக் கேக்கும்!"

அந்த நொடியில் குசுமாக்கா முன்னறையில் புத்தர் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, பன்சலையில் பிக்குகள் ஓதும் பிரித் மந்திரத்தை உரத்த குரலில் ஓதத் தொடங்கினார். அம்மாவின் தமிழ் அதற்குள் அமுங்கிப்போனது. பிரித் ஓதும் வீட்டுக்குள் நுழையத் தயங்கி, வந்தவர்கள் போய்விட்டார்கள்.

அப்பா அதற்குப் பிறகும் வரவேயில்லை. அவருக்காக இன்றும் செபம் சொல்கிறேன். வாய்விட்டுச் சொல்ல மட்டும் வருவதில்லை, முணுமுணுப்புத்தான். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. ஆனால் அன்றைக்கு அத்தனை சத்தத்துக்கு அடியில் கிடந்த அம்மாவின் குரலைக் கேட்டவருக்கு, இது கேட்காமலா போகும்?