பாலாவி உப்பளத்தில் நான் கை காட்டிய கதை

காலை ஆறு பத்துக்குச் சிலாபத்தில் புத்தளம் பஸ் ஏறினேன். பாலாவிச் சந்தி வரைக்கும் நாற்பத்தைந்து கிலோமீற்றர் அளவில். கட்டணம் எழுபத்தைந்து ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்ததே கொடுப்பினை. முதல் நாள் முழுவதும் ஆனைவிழுந்தான் சரணாலயத்தின் குளக்கட்டுகளில் நடந்து குதிக்கால் கொப்பளித்திருந்தது. அங்கே தாமரைக்கோழி, நீர்க்காகம், நாரை என்று ஐம்பத்திரண்டு இனங்களைக் கொப்பியில் எழுதினேன். கூடவே தலைக்கனமும் கொஞ்சம் ஏறியது. அது இறங்கிய கதைதான் இது.

நான் மட்டக்களப்பில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவள். சண்டைக் காலத்தில் தொலைநோக்கியோடு வாவிக்கரையில் நின்றிருந்தால், எந்தப் பக்கத்தார் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் ஒன்றை வாங்கினேன். “குருவி பாக்கப் புத்தளத்துக்குப் போகோணுமா? இஞ்ச காகம் இல்லையா?” என்றாள் அக்கா. பங்குனி முடியுமுன் கரைப்பறவைகள் வடக்கே திரும்பிவிடும், போகுமுன் அவற்றின் சாம்பல் நிறம் செங்கல் நிறமாகும், அதை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று விளக்கினேன். அவள் கேட்கவில்லை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

7.50. பாலாவிச் சந்தி. உப்பு லொறி, சீமெந்து லொறி, கற்பிட்டி பஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று ஹோன் அடித்துக்கொண்டிருந்தன. பாணும் பருப்பும் பிளேன்டீயும் சாப்பிட்டுவிட்டு ஓட்டோக்காரரிடம் உப்பளத்துக்குப் போகவேண்டும் என்றேன்.

“என்ன விசயமா மிஸ்?”

“குருவி பாக்க.”

“பாக்கவா, சமைக்கவா?”

“பாக்கத்தான்.”

“அப்ப நூற்றைம்பது. சமைக்கிறதெண்டா இருநூறு.” சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார்.

8.15. களப்பு என்கிற கடலேரியின் ஓரம். கண்ணெட்டும் தூரம் வரை சதுரம் சதுரமாய்ப் பாத்திகள், நடுவே மண் வரம்புகள். இறங்கி ஐந்து நிமிடம் இருக்காது, வளைந்த மூக்கு உள்ளான்கள் ஒரு கூட்டமாய் வந்து இறங்கின. பாதிக்கு மேல் செங்கல் நிறம்! ஐயோ, எத்தனை வருட ஆசை. நின்ற இடத்திலேயே “நன்றி, நன்றி” என்று வாய்விட்டுச் சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

9.25. வரம்பு வழியே நடந்து இன்னொரு பாத்திக்கு வந்தேன். அதில் தண்ணீர் கணுக்காலளவுகூட இல்லை. அங்கேதான் பவளக்காலிகள் இரண்டு எழும்பின. கறுப்புச் சிறகு, வெள்ளை வயிறு, உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத நீளமான சிவப்புக் கால்கள். என் தலைக்கு மேலேயே “கிக், கிக், கிக்” என்று சுற்றிச் சுற்றி வந்தன. அவ்வளவு கிட்டத்தில் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. என்னோடு சிநேகமாகிவிட்டன என்று நினைத்தேன். கழுத்து நோக நோக அண்ணாந்தபடி படம் பிடித்தேன்.

தூரத்தில் ஓலை வேய்ந்த வாடி ஒன்று. அதன் முன்னால் ஒரு மனிதர் துவாயை வீசினார். ஊருக்குப் புதிய ஆளுக்கு வரவேற்பு! நானும் கையை ஆட்டினேன். அவர் இன்னும் பலமாய் வீசினார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன்.

10.10. துவாய்க்காரர் வரம்பில் ஓடோடி வந்தார். நாற்பது வயது மதிக்கலாம். முழங்கால் வரை சேறு.

“என்ன மிஸ் இது! நாப்பது நிமிசமாக் கூப்பிடுறன். கால மட்டும் பாத்துப் பின்னுக்கு வையுங்க. அந்தா, கூடு!”

பத்து எட்டுத் தூரத்தில், பாத்திக்குள் ஒரு மண் மேட்டின் மேல் சுள்ளிகளுக்கு நடுவே நான்கு முட்டைகள் இருந்தன. நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணுக்குப் படவே இல்லை. சிநேகம் என்று நான் நினைத்தது, “போ, போ” என்று அந்தத் தாயும் தகப்பனும் போட்ட கூச்சல். புத்தகத்தில் இதை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

“இந்த வெயிலுக்கு முட்டை அவிஞ்சு போயிரும். வாங்க, வாடிக்குப் போவம். ஆள் மறைஞ்சாத்தான் அது இறங்கும்.”

அவர் பெயர் நிசார். வாடியில் அவருடைய மனைவி பரீதா ராத்தா ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுப் பிளேன்டீ ஊற்றித் தந்தார். அது ஏச்சைவிடக் கஷ்டமாயிருந்தது.

அங்கே இருந்துதான் விசயம் முழுவதும் விளங்கியது. நிசார் நானா இத்தனை வருடமும் பிறருடைய பாத்தியில் கூலிக்கு நின்றவர். இந்தப் போகத்துக்குத்தான் முதல்முறையாகச் சொந்தப் பொறுப்பில் ஒரு பாத்தி எடுத்திருக்கிறார். வெயிலில் காய்ந்து முற்றிய உப்புநீரை மடை திறந்து பாத்திக்குள் விடவேண்டும். அந்த வரிசையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே வாய்க்கால். ஆளுக்கு ஒரு நாள் முறை. இன்று இவருடைய முறை, பின்னேரம் மூன்றரைக்குத் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்கும் வரைக்கும். தவறினால் அடுத்தது ஆறு நாளைக்குப் பிறகு. அதற்குள் சித்திரை மழை எட்டிப் பார்த்தால், போகமே கரைந்துபோகும்.

ஆனால் மடையைத் திறந்தால் கூடு மூழ்கும். அதனால் இங்கே சிலர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: கூட்டை ஏற்றுவது. ஈர மண்ணை நாலு விரல் உயரத்துக்கு அடியில் அணைத்து, கூட்டை அலுங்காமல் தூக்கி வைப்பார்கள். ஒரேயடியாய் உயர்த்தினால் பறவை கைவிட்டுவிடும். கொஞ்சம் ஏற்றி, விலகிப் போய், அது வந்து அமர்ந்த பிறகுதான் அடுத்த ஏற்றம். விடியற்காலையில் ஒருமுறை ஏற்றி, பறவையும் அமர்ந்துவிட்டது. ஒன்பது மணிக்கு இரண்டாவதும் கடைசியுமான ஏற்றம். அது அமர்ந்ததும் மடையைத் திறப்பதாக இருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் நான் போய்க் கொடிக்கம்பமாய் நின்றிருக்கிறேன்.

“பேசாமத் திறந்திருக்கலாமே நானா?” என்று கேட்டேன்.

“நான் பாத்திய எடுக்க முந்தியே அது முட்டை இட்டிட்டுது. அப்ப ஆரு இங்க முந்தின குடி? சொல்லுங்க பாப்பம்.”

11.00. பறவை இறங்கவில்லை. பதினொன்றரை. இறங்கியது, கூட்டைச் சுற்றி நடந்தது, திரும்பவும் எழும்பியது. “யா அல்லாஹ்” என்று ராத்தா பெருமூச்சு விட்டார். எனக்கோ, மருந்து மாறிக் கொடுத்துவிட்டு நோயாளியைத் தேடி ஓடும் நிலைமைதான்.

பேச்சை மாற்றத்தான் நானாவின் ஊரைக் கேட்டேன். மன்னார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பதினைந்து வயது. சண்டை முடிந்ததும் போய்ப் பார்த்திருக்கிறார். “வீட்டுக்குள்ள மரம் முளைச்சிரிந்திச்சு. உம்மா மௌத்தானது இங்க. புள்ளைங்க படிக்கிறது இங்க. போறதும் வாறதுமா இரிக்கம்.” பிறகு என் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மிஸ், எங்களையும் குருவியையும் சேத்து எழுதிராதீங்க. வாறவங்க எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க. குருவிய ஆரும் ரெண்டு நாளில வெளிக்கிடச் சொல்லல்ல.”

அப்படி ஒப்பிடும் வசனம் ஒன்று என் கொப்பியில் பாதி எழுதியாகியிருந்தது. அவர் பார்க்கும்போதே வெட்டினேன்.

11.50. “இரிந்திட்டுது!” ராத்தாதான் முதலில் கண்டார். பவளக்காலி காலை மடக்கி, வயிற்றை ஆட்டி, முட்டைகளின் மேல் சரியாய் அமர்ந்துவிட்டது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று மூன்று பேரும் சொன்னோம். ஓம், நானுந்தான். நானா குனிந்தபடியே போய் மடையைத் திறந்தார்.

ஆனால் கணக்கு உதைத்தது. பாத்தி நிரம்ப நாலரை மணித்தியாலம் வேண்டும். அசருக்கு அவ்வளவு நேரம் இல்லை. அரைகுறையாய் நின்றால் உப்புச் சீராய் விளையாதாம். அடுத்த முறைக்காரர் பியதாச. நாலாவது பாத்தியில் வேலையாய் நின்றார். அவரிடம் கேட்க நானாவுக்குக் கூச்சம். “முறை எண்டா முறைதான் மிஸ். நாம கேட்டு அவர சங்கடப்படுத்தப்படாது.”

பிழை என்னுடையது. நான் போனேன், சுற்று வழியால், கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து.

பியதாச அண்ணன் என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டார். “ஆ! கை காட்டின மிஸ்! நாங்க எல்லாம் பாத்தம். அவன் துவாய வீச வீச, நீங்க கைய ஆட்ட ஆட்ட...” சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. உப்பளம் முழுக்க என் புகழ் பரவியிருந்தது.

வந்த காரியத்தைச் சொன்னேன். ஒரு மணித்தியாலம் மட்டும் விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“போன வருசம் அந்தக் குருவிக்கூடு என்ட பாத்தியிலதான். நிசார் அப்ப எனக்கு வேலைக்கு நிண்டான். கூட்ட ஏத்தாம மடை திறக்க மாட்டன் எண்டு பிடிவாதம். நான் நல்லா ஏசினன். அவன் ஏச்சும் வாங்கிக்கொண்டு ஏத்தினான். நாலு குஞ்சும் பொரிச்சுது. என்ட மகள் தினமும் வந்து பாப்பா.” கையை உதறினார். “ஒரு மணித்தியாலக் கதை வேண்டாம். நிரம்புற வரைக்கும் ஓடட்டும் எண்டு சொல்லுங்க. நான் பிறகு திறக்கிறன்.”

திரும்பி வரும்போது அழுகை வந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. நான் கெடுத்ததை எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் ஒரு சொல்லில் நேராக்கிவிட்டார். அதையும் நன்மை செய்கிற பாவனை இல்லாமல்.

சேதி கேட்டு நிசார் நானா துவாயால் முகத்தைத் துடைத்தார், பிறகு இன்னொரு தரம் துடைத்தார். “சோறு போடுங்க, மிஸ்ஸுக்குப் பசிக்கும்” என்று ராத்தாவிடம் சொன்னார். கருவாட்டுக் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் தந்தார்கள்.

3.30. களப்புக்கு அப்பால் அசர் பாங்கு கேட்டது. ஒருவரும் மடையை மூடவில்லை. தண்ணீர் மண் மேட்டைச் சுற்றிக்கொண்டது. பவளக்காலி அமர்ந்தபடியே கழுத்தை நீட்டி, மிதந்துவந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாய் எடுத்துத் தன் கூட்டுக்கு அடியில் செருகியது. “பாத்தீங்களா, மிச்சத்த அது ஏத்துது” என்றார் நானா. பாத்தி நிரம்பியபோது நாலரை. கூட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

4.50. வரம்பு வழியே றோட்டுக்கு நடந்தேன். மட்டக்களப்பில் எங்கள் வீட்டிலிருந்து வாவிக்கரை முந்நூறு மீற்றர் தூரம். அந்தக் கரையில் எத்தனை கூட்டின் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்திருப்பேனோ, யார் யார் துவாய் வீசியிருப்பார்களோ. அன்றைக்கு என் கொப்பியில் பதினேழு இனங்கள்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

றோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். வாடிக்கு முன்னால் நிசார் நானா துவாயை வீசிக்கொண்டிருந்தார்.

நான் முதலில் என் காலடியைச் சுற்றி நன்றாய்ப் பார்த்தேன். பிறகுதான் கை காட்டினேன்.